மேலே கயிறு பிடிப்பவர் யார்? – உளவுப் படங்களில் தலைமையும் கூட்டு வேலையும்

#1 | கயிற்றுக்காரன் | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு நாளாக மழை. மழை என்றால் எங்களுக்கு வேலை கிடையாது. சென்னை ஓஎம்ஆர் பக்கம் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கும் குழு ஒன்றை நடத்துகிறேன். எட்டுப் பேர், எல்லாரும் ஒரே வீட்டில்தான் தங்கியிருக்கிறோம். இன்று மத்தியானம் 1996ல் வந்த முதல் 'மிஷன்: இம்பாசிபிள்' படத்தைப் போட்டோம்.

அந்த லாங்லி காட்சி உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் தலைமையகத்தில் ஒரு வெள்ளை அறை. ஆள் இல்லாத நேரத்தில் அதற்குள் சத்தம் எழுந்தாலும், சூடு ஏறினாலும், தரையில் ஏதாவது பட்டாலும் மணி அடித்துவிடும். கதாநாயகன் ஈத்தன் ஹன்ட் கூரையிலிருந்து கயிற்றில் இறங்குகிறான். மேலே காற்றுக் குழாய்க்குள் கயிற்றைப் பிடித்திருப்பவன் கிரீகர். ஒரு எலி வருகிறது. அவன் பிடி நழுவுகிறது. ஈத்தன் சரசரவென்று விழுந்து தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறான்.

எங்கள் வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கயிற்றில் தொங்குகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்ப்பதே வேறு மாதிரி. அப்போது எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் கேட்டான்: "அண்ணே, அந்த ஆளைக் கயிறு பிடிக்க வச்சது யாரு?"

இந்தப் படத்தைப் பத்து முறையாவது பார்த்திருப்பேன். ஒரு முறைகூட இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. பதில் எளிது. ஈத்தன்தான் வைத்தான். துறையிலிருந்து விலக்கப்பட்ட ஆட்களிலிருந்து அவசரத்தில் பொறுக்கி எடுத்தவன் கிரீகர். அவனைப் பற்றி ஈத்தனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் துரோகியின் ஆள் என்பது பிறகுதான் வெளிவரும். ஆனாலும் உயிர்க்கயிறு அவன் கையில்.

எங்கள் தொழிலில் ஒருவர் இறங்கினால் இரண்டு கயிறு, அவற்றைக் கட்ட இரண்டு தனித்தனி ஆங்கர் (பிடிப்பு). ஒன்று எடையைத் தாங்கும், மற்றது சும்மா காத்திருக்கும். அந்தக் 'சும்மா'வுக்காகத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் ராத்திரி தூங்குகிறார்கள்.

உளவுப் படங்களிலிருந்து ஆட்களை நடத்துவது பற்றி நீங்கள் கற்றது என்ன? பொதுவாகச் சொல்லாமல் ஒரு காட்சியைச் சொல்லிப் பேசுங்கள். கதை முடிவுகள் வெளிப்படும், பார்க்காதவர்கள் கவனம்.

#2 | திரைப்பித்தன் | சனி, இரவு 10.15

பையனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தப் படத்தின் மொத்தக் கதையும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

இந்தப் படத்துக்கு மூலம் 1966ல் அமெரிக்காவில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர். அதில் தலைவர் ஆட்களின் புகைப்படங்களை மேசையில் பரப்பி, இந்த வேலைக்கு யார் யார் என்று பொறுக்குவார். ஒருவர் வேடம் போடுவார், ஒருவர் கருவிகளைப் பார்ப்பார், ஒருவர் வலுவான ஆள். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது. இரண்டாம் பருவத்திலிருந்து அந்தத் தலைவர் ஜிம் ஃபெல்ப்ஸ். ரசிகர்கள் அவரைத் தங்கள் சித்தப்பா போலக் கொண்டாடினார்கள்.

1996 படம் என்ன செய்தது? முதல் அரைமணி நேரத்துக்குள் பிராகாவில் ஏறத்தாழ மொத்தக் குழுவையும் கொன்றது. கொலைகளுக்குப் பின்னால் இருந்தவர் ஃபெல்ப்ஸ்தான் என்று கடைசியில் சொன்னது. பழைய ரசிகர்கள் பலர் இன்றும் மன்னிக்கவில்லை. தொடரில் ஃபெல்ப்ஸாக நடித்த பீட்டர் கிரேவ்ஸ் படத்தில் இல்லை, ஜான் வாய்ட் நடித்தார்.

ஆனால் அந்தத் துரோகம் நடந்த விதத்தைக் கவனியுங்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் தன் வேலை மட்டும் தெரியும். யார் எங்கே நிற்கிறார், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்ற முழுப்படம் ஃபெல்ப்ஸின் திரையில் மட்டுமே. அவர் 'சுடப்பட்டேன்' என்று காட்டியபோது அதைச் சரிபார்க்க ஒருவருக்கும் வழி இல்லை. எல்லாச் செய்தியும் ஒரே ஆள் வழியாகப் போகும் குழுவில் தலைவர் நல்லவராக இருக்கும்வரைதான் பாதுகாப்பு. அவர் கெட்டவராகக்கூட ஆக வேண்டியதில்லை, ஒருநாள் காய்ச்சலில் படுத்தாலே போதும்.

#3 | இரவுப்பணி | சனி, இரவு 11.52

ஐசியூவில் செவிலியராகப் பதினான்கு வருஷம். இடைவேளையில் படிக்கிறேன், துண்டு துண்டாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் காட்சி 'ஸ்கைஃபால்' தொடக்கம். 2012ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம். இஸ்தான்புல்லில் ஒரு அறை. ரான்சன் என்ற சக உளவாளி ரத்தம் கொட்டக் கிடக்கிறார். பாண்ட் காயத்தை அழுத்துகிறார். லண்டனிலிருந்து உளவுத் துறைத் தலைவி 'எம்' (M) அவர் காதில் சொல்கிறார், நேரமில்லை, தொலைந்த ஹார்ட் டிஸ்க்கின் பின்னால் போ என்று. பாண்ட் ஒரு நொடி தயங்குகிறார், பிறகு விட்டுவிட்டுப் போகிறார். ரான்சன் இறந்துபோகிறார்.

சில நிமிஷங்களில் ரயில் கூரை மேல் சண்டை. பாண்டோடு வந்த உளவாளி ஈவ் துப்பாக்கியோடு தூரத்தில். குறி சுத்தமாகக் கிடைக்கவில்லை என்று அவள் தெளிவாகச் சொல்கிறாள். சுடு என்கிறார் எம். குண்டு பாண்டின் மேல் படுகிறது.

எங்கள் வார்டில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால், கோட் ப்ளூ அறிவித்ததும் ஆறேழு பேர் ஓடிவருவோம். தலைமை தாங்கும் டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தெரியாதவர்கள் அவர் சும்மா நிற்கிறார் என்று நினைப்பார்கள். அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டால் முழுக் கட்டிலையும் பார்க்க ஆள் இல்லாமல் போகும். "அட்ரினலின் ஒரு மில்லிகிராம்" என்று அவர் சொன்னால், போடுபவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். போட்டபின் "போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை அழுத்துபவரை மாற்ற வேண்டும், அவர் "எனக்குக் களைப்பில்லை" என்றாலும்.

எம் செய்தது இதற்கு நேர் எதிர். ஈவ் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. களத்தில் கண் வைத்திருப்பவள் 'குறி இல்லை' என்கிறாள், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் 'சுடு' என்கிறார். பிறகு களத்திலிருந்து விலக்கப்பட்டவள் யார்? ஈவ். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மணி அடிக்கிறது. போகிறேன்.

#4 | நிரல்காரன் | ஞாயிறு, காலை 7.30

இரவுப்பணி அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் எம் பக்கமும் ஒருவர் பேச வேண்டும்.

அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது தீவிரவாதக் குழுக்களுக்குள் மறைந்திருக்கும் உளவாளிகளின் பெயர்ப் பட்டியல். அது கைமாறினால் ஒவ்வொருவராகச் சாவார்கள். படத்தில் அப்படியே நடக்கவும் செய்கிறது. உன்னை இழக்க வாய்ப்பு இருந்தது, மற்ற எல்லாரையும் இழப்பது உறுதி என்று பாண்டிடம் எம் பிறகு சொல்வார். அந்தக் கணக்கில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் 2018ல் வந்த 'மிஷன்: இம்பாசிபிள் – ஃபால்அவுட்'. பெர்லினில் ஒரு பாலத்தின் கீழே பேரம். மூன்று புளூட்டோனிய உருண்டைகள் கையில் வந்துவிட்டன. ஈத்தனின் கூட்டாளி லூதரின் தலையில் துப்பாக்கி. ஈத்தன் லூதரைக் காப்பாற்றுகிறான், அந்த இடைவெளியில் புளூட்டோனியம் போய்விடுகிறது. ஒரு நண்பனுக்காகப் பல லட்சம் பேரின் உயிரைப் பணயம் வைக்கிறான். படம் அதைப் பெரிய குணமாகக் காட்டுகிறது. கடைசியில் எல்லாம் நல்லபடி முடிந்தது கதை எழுதியவர்களின் கையில் இருந்ததால்தான். நிஜத்தில் அப்படி ஒரு தலைவர் இருந்தால் எனக்குப் பயம்.

மென்பொருள் குழு ஒன்றை நடத்துகிறேன். பதினொரு பேர். ஒருவருக்காகத் தேதியைத் தள்ளினால் மற்ற பத்துப் பேர் சனி ஞாயிறு வேலை செய்ய வேண்டிவரும். ஒருவர்மேல் காட்டும் கருணையை மற்றவர்கள் தலையில் ஏற்றுவது எப்படி நல்ல தலைமை ஆகும்?

#5 | கயிற்றுக்காரன் | ஞாயிறு, காலை 8.05

நிரல்காரன் தம்பி, நேர்மையான கேள்வி. என்னிடம் முழுப்பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்.

நான் கயிற்றை விட்டுவிடக்கூடிய ஆள் என்று என் பையன்களுக்குத் தெரிந்தால், அவர்கள் இறங்கும் விதமே மாறிவிடும். கண்ணாடியைப் பார்க்காமல் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வேலை செய்வார்கள். வேலையும் கெடும், ஆளும் விழுவான். உங்கள் கணக்கில் பத்துப் பேர், ஒருவர் என்று எண்ணிக்கை இருக்கிறது. அந்த ஒருவரை விட்டதைப் பார்த்த பிறகு மீதிப் பத்துப் பேர் எப்படி வேலை செய்வார்கள் என்பது அதில் இல்லை.

#6 | இரவுப்பணி | ஞாயிறு, காலை 9.20

வீட்டுக்கு வந்துவிட்டேன். தூங்குவதற்கு முன் ஒன்று.

அண்ணன் சொன்னதற்கு 'ஸ்கைஃபால்' படத்திலேயே சாட்சி இருக்கிறது. வில்லன் சில்வா யார்? எம்மிடம் வேலை பார்த்த பழைய உளவாளி. ஹாங்காங் 1997ல் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்ட சமயத்தில், எல்லை மீறினான் என்று அவனை எம் சீனர்களிடம் கொடுத்துவிட்டார். பதிலுக்கு ஆறு உளவாளிகள் திரும்பக் கிடைத்தார்கள். ஒன்றுக்கு ஆறு, நிரல்காரனின் கணக்குப்படி அருமையான பேரம். சிறையில் அவன் பல்லில் வைத்திருந்த சயனைடைக் கடித்தும் சாகவில்லை. உள்ளே எரிந்துபோன முகத்தோடு வந்து நின்று அவரை 'அம்மா' என்று கூப்பிடுகிறான்.

மொத்தப் படமும் அந்தப் பழைய கணக்கின் வட்டி. உளவாளிகளின் பெயர் வெளியானது, தலைமையகத்தில் குண்டு வெடித்தது, எம் இறந்தது எல்லாம். ஒருவரை விட்டுக்கொடுத்து ஆறு பேரை மீட்டது லாபம் என்று எழுதிய ஏடு அதோடு மூடப்படவில்லை.

எம் மேல் எனக்கு மரியாதை உண்டு. பாண்ட் எல்லாத் தேர்விலும் தோற்றபின்னும் 'தேறிவிட்டாய்' என்று சொல்லி அனுப்புகிறார். அது பொய். அதை நம்பிக்கை என்று சொல்வதா, ஒரு நோயாளியை வேலைக்கு அனுப்பிய குற்றம் என்று சொல்வதா? என் வார்டில் அப்படிச் செய்தால் குற்றம் என்றுதான் சொல்வேன். கை நடுங்குகிறவரிடம் ஊசியைக் கொடுத்துவிட்டு 'உன்னால் முடியும்' என்று சொல்ல முடியாது.

#7 | டொரொண்டோக் குளிர் | ஞாயிறு, காலை 10.48

வணக்கம். நான் கனடாவில இருந்து எழுதுறன், இங்க இப்ப நடுச்சாமம். எல்லாரும் கற்பனைக் கதையிலயே நிக்கிறியள். உண்மையில நடந்த ரெண்டு அலுவலைப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. ரெண்டும் 1980, ரெண்டும் ஈரான்.

முதலாவது 'ஆர்கோ' படத்தில வந்தது. 1979 நவம்பரில தெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடிச்சபோது ஆறு பேர் தப்பி வெளியில வந்திட்டினம். அவையை ஒளிச்சு வைச்சிருந்தது கனடியத் தூதுவர் கென் டெய்லரும் அவரோட வேலை செய்த ஜோன் ஷியர்டவுனும். சொந்த வீடுகளில கிட்டத்தட்ட மூண்டு மாதம். சிஐஏ ஆள் டோனி மெண்டெஸ் போய், அந்த ஆறு பேரையும் படம் எடுக்க இடம் பாக்க வந்த கனடியச் சினிமாக் குழு எண்டு நடிக்கப் பழக்கினார். ஹொலிவூட்டில பொய்யா ஒரு கம்பனியும் திறந்து வைச்சிருந்தவை. அந்த ஆறு பேரில ஒருத்தரும் உளவாளி இல்லை, நடிகரும் இல்லை. தூதரக ஊழியர். தனக்கு எந்த வேடம், என்ன பேர், என்ன வேலை எண்டு ஒவ்வொருத்தரும் மனப்பாடமாச் சொல்லுமட்டும் பழக்கித்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். ஜனவரிக் கடைசியில பத்திரமா வெளியில வந்திட்டினம். படத்தில காட்டின மாதிரி ஓடுபாதையில ஒரு துரத்தலும் நடக்கேல்லை. சிஐஏயின்ர பங்கு 1997 வரைக்கும் வெளியில வரேல்லை, அதுவரைக்கும் பேர் கனடாவுக்குத்தான். படம் வந்தபிறகு ஜிம்மி கார்ட்டரே சொன்னவர், தொண்ணூறு வீதம் கனடியரின்ர பங்கு எண்டு. படத்தில அது தெரியாது.

இரண்டாவது அதே வருசம் ஏப்ரல் 24. பணயக்கைதிகளை மீட்கப் போன அமெரிக்கப் படை. எட்டு ஹெலிகொப்ரர் புறப்பட்டது, குறைஞ்சது ஆறு வேணும். பாலைவனத்தில இறங்கேக்க ஐஞ்சுதான் பாவிக்கக்கூடிய நிலையில. சரி, திரும்புவம் எண்டு முடிவெடுத்தினம். திரும்பேக்க ஒரு ஹெலிகொப்ரர் சி-130 விமானத்தில மோதி எட்டுப் பேர் செத்துப்போச்சினம். பிறகு அட்மிரல் ஹோலோவே தலைமையில விசாரிச்சபோது தெரிய வந்தது என்னெண்டால், வெவ்வேறு படைகளில இருந்து வந்த ஆக்கள் முழுத்திட்டத்தையும் ஒருக்காக்கூட ஒண்டாச் சேர்ந்து ஒத்திகை பாக்கேல்லை. இரகசியம் காக்கிறம் எண்டு தங்கட ஆக்களுக்குள்ளயே மறைச்சவை.

திரைப்பித்தன் அண்ணா ஃபெல்ப்ஸைப் பற்றிச் சொன்னதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அங்க துரோகியே இல்லை. எல்லாரும் நல்ல வீரர், நாட்டுக்காக உயிர் குடுக்க வந்த ஆக்கள். ஒண்டாப் பழகேல்லை, அவ்வளவுதான்.

#8 | வண்டல்மண் | ஞாயிறு, மதியம் 12.10

'துப்பாக்கி'யை யாரும் சொல்லவில்லையே! 2012, ஏ. ஆர். முருகதாஸ். பன்னிரண்டு ஸ்லீப்பர் செல்களை, அதாவது சாதாரண ஆட்கள் போல மறைந்திருக்கும் தீவிரவாதிகளைப், பன்னிரண்டு ராணுவத்தினர் தனித்தனியாகப் பின்தொடர்ந்து ஒரே நேரத்தில் சுடுவார்கள். தியேட்டரில் விசில் அடங்க நேரமானது. விடுப்பில் ஊருக்கு வந்த நண்பர்களை ஒரு வார்த்தையில் சேர்த்துவிடுகிறான் கதாநாயகன் ஜெகதீஷ். பல வருஷம் ஒன்றாகப் பழகியவர்கள், விளக்கமே தேவைப்படவில்லை. டொரொண்டோ நண்பர் சொன்னதற்கு நேர்மாறான உதாரணம்.

ஆனால் இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியம். வில்லன் அந்த வீரர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து அவர்கள் வீட்டுப் பெண்களைத் தூக்குகிறான். ஜெகதீஷ் தன் சொந்தத் தங்கையையும் அதற்குள் அனுப்பித்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறான். அடுத்த வீட்டுப் பெண்களுக்கு வந்த ஆபத்துக்குத் தன் வீட்டையும் ஈடு வைக்கிறான். தங்கையிடம் முன்கூட்டியே கேட்டிருக்கலாமே என்று என் மனைவி சொன்னாள். அதுவும் சரிதான்.

#9 | கடைசி மேசை | ஞாயிறு, மாலை 4.33

நான் வழக்கமாகப் படிப்பதோடு சரி. இன்று எழுத வேண்டும் போலிருக்கிறது.

கயிற்றுக்காரன் அவர்களே, அந்த லாங்லி அறையில் இன்னொரு ஆள் இருந்தார். பெயர் வில்லியம் டொன்லோ. அந்தக் கணினியில் வேலை பார்க்கும் ஊழியர். அவர் காபியில் எதையோ கலந்துவிட்டார்கள். பாவம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கும் அறைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது மேசையில் கிரீகரின் கத்தி குத்தி நிற்கிறது. மேலதிகாரி ஒரே வரியில் தீர்ப்பு சொல்கிறார், இவனை அலாஸ்காவில் ரேடார் கோபுரத்துக்கு அனுப்பு என்று. தியேட்டரில் எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

கூரையில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் குழாய் வைத்தது டொன்லோவா? தீயணைப்பு வீரர் வேடத்தில் வந்தவர்களை உள்ளே விட்டது டொன்லோவா? கடைசியாக அந்த நாற்காலியில் இருந்தவர், அதனால் அவர்.

நான் ஒரு அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். ஒரு கோப்பு காணாமல் போனது. பீரோவின் பூட்டு சரியில்லை என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தக் கடிதங்களை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. என்னைத்தான் வேறு ஊருக்கு மாற்றினார்கள். அப்போது மகள் பத்தாம் வகுப்பு.

2025 மே மாதம் அதே 'மிஷன்: இம்பாசிபிள்' வரிசையில் வந்த 'தி ஃபைனல் ரெக்கனிங்' பார்க்கப் போனேன். அதில் டொன்லோ திரும்பி வருகிறார், அதே நடிகர் ரோல்ஃப் சாக்ஸன், நரைத்த தாடியோடு. ஒரு பனித்தீவில் மனைவியோடு வாழ்கிறார். அந்தக் கத்தியைப் பத்திரமாக வைத்திருந்து ஈத்தனிடம் திருப்பிக் கொடுக்கிறார். அவருக்குக் கோபம் இல்லை, அங்கே போனதால்தான் தன் மனைவியைச் சந்தித்தேன் என்கிறார். கடைசியில் உலகத்தைக் காப்பாற்றும் வேலையில் அவரும் ஒரு கை. இருட்டில் உட்கார்ந்து அழுதேன். இருபத்தொன்பது வருஷம் கழித்தாவது ஒருவர் அவரைத் தேடிப் போய்ப் பேசினார்களே.

#10 | இரவுப்பணி | ஞாயிறு, மாலை 5.01

ஐயா, உங்கள் பதிவை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். எங்களிடமும் இது உண்டு. மருந்து மாறிப்போனால் கடைசியில் கையில் வைத்திருந்த செவிலியர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரே மாதிரி இரண்டு குப்பிகளை ஒரே தட்டில் அடுக்கியவரைக் கேட்க மாட்டார்கள். எங்கள் இப்போதைய பொறுப்பு அக்கா முதலில் தட்டைத்தான் பார்ப்பார். அவர் வந்தபிறகு நாங்கள் தவறுகளை மறைப்பதில்லை.

#11 | நிரல்காரன் | ஞாயிறு, இரவு 8.44

காலையிலிருந்து இந்த இழையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 'மிஷன்: இம்பாசிபிள்' வரிசையின் 'கோஸ்ட் புரோட்டோகால்' படத்தை மறுபடி பார்த்தேன், 2011ல் வந்தது. என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

அந்தப் படத்தில் ஒரு கருவியும் சரியாக வேலை செய்யாது. கிரெம்ளினில் குண்டு வெடித்து, பழி இவர்கள் மேல் விழுந்து, துறையே கைகழுவிவிடுகிறது. நான்கு பேர் மிச்சம். துபாயில் புர்ஜ் கலீஃபாவின் வெளிச்சுவரில் ஏறும்போது ஒட்டும் கையுறையில் ஒன்று செத்துப்போகிறது. முகமூடி செய்யும் இயந்திரம் பழுதாகிறது. இரண்டு தரப்பையும் முகமூடி போட்டு ஏமாற்றுவதுதான் திட்டம். முகமூடி இல்லை, லிஃப்டில் ஆட்கள் ஏறிவிட்டார்கள். அப்படியே போவோம் என்கிறான் ஈத்தன். போகிறார்கள்.

நாலு பேருக்கும் உள்ளே ஒவ்வொரு புண். ஜேனின் காதலனைக் கொன்றவள் மோரோ. அவளை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவள் ஒருத்திதான் துப்பு. ஜேன் சண்டையில் அவளை ஜன்னலுக்கு வெளியே உதைத்துவிடுகிறாள். பென்ஜி களத்துக்குப் புதுசு. பிராண்ட் தன்னை வெறும் ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு பெரிய ரகசியத்தைச் சுமக்கிறான். ஈத்தனின் மனைவியைக் காக்கும் பொறுப்பில் இருந்தவன் அவன், தன் தவறால் அவள் இறந்தாள் என்று நம்புகிறான். அதைச் சொல்லாமலே ஈத்தனோடு வேலை செய்கிறான். நான் பார்த்த எத்தனையோ குழுக்களில் ஆட்கள் இப்படித்தான் எதையோ நெஞ்சில் வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்தபிறகு சியாட்டிலில் உட்கார்ந்து, இந்த வேலையில் ஒழுங்காக இயங்கியது நாம் நால்வர் மட்டும்தான் என்கிற மாதிரி ஈத்தன் பேசுவான். பிராண்டிடம் உண்மையையும் சொல்லிவிடுவான், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று. அந்தச் சுமையை முதல் நாளே இறக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈத்தன் மேல் எனக்கு அந்தக் குறை உண்டு.

'ஃபால்அவுட்' முடிவையும் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். இரண்டு குண்டுகள் இரண்டு இடத்தில். வானத்தில் ஹெலிகாப்டரில் இருக்கும் வெடிப்புக் கருவியின் சாவியை ஈத்தன் உருவியிருந்தால்தான் கீழே கம்பியை வெட்ட வேண்டும். உருவினானா என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. கடைசி நொடியில் லூதரும் பென்ஜியும் வெட்டுகிறார்கள். பெர்லினில் அவன் லூதரை விட்டுவிட்டுப் போயிருந்தால், இங்கே லூதரின் கை வெட்டத் துணிந்திருக்குமா? காலையில் என் கணக்கில் விடுபட்டது இதுதான் என்று நினைக்கிறேன். கயிற்றுக்காரன் அண்ணன் சொன்னது எனக்கு இப்போதுதான் ஏறுகிறது.

ஆனால் ரான்சன் விஷயத்தில் எம் சொன்னது தவறு என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லியே ஆக வேண்டிய நேரங்கள் உண்டு. சொன்னபிறகு அவர் பெயரை ஒருமுறையாவது உச்சரிக்க வேண்டும் என்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

#12 | திரைப்பித்தன் | ஞாயிறு, இரவு 10.20

திரைக்குப் பின்னால் நடந்த ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். 'ஃபால்அவுட்'டில் விமானத்திலிருந்து குதிக்கும் நீளமான காட்சி இருக்கிறதே, அதை அபுதாபியில் சி-17 விமானத்திலிருந்து எடுத்தார்கள். டாம் க்ரூஸ் நூற்றுக்கும் மேற்பட்ட முறை குதித்தார் என்று எல்லாரும் எழுதினார்கள். அவருக்கு முன்னால் தலைக்கவசத்தில் கேமராவைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவர் பக்கம் திருப்பியபடி முதுகுப்புறமாகக் குதித்தவர் கிரெய்க் ஓ'பிரையன். அந்திச் சூரியன் மறையும் சில நிமிஷ வெளிச்சம்தான் வேண்டும், அதனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முயற்சிதான் சாத்தியம். இருவருக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு கை நீளம். கொஞ்சம் விலகினால் முகம் மங்கிவிடும், கொஞ்சம் நெருங்கினால் மோதல். புர்ஜ் கலீஃபாவிலும் டாம் க்ரூஸின் இடுப்பில் கம்பிகள் இருந்தன, பிறகு கணினியில் அழித்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள், நமக்குத் தெரியாமல்.

#13 | கயிற்றுக்காரன் | செவ்வாய், இரவு 9.15

மழை விட்டு இன்று வேலைக்குப் போனோம். பதினாறு மாடி. நேற்று ராத்திரி இந்த இழை முழுவதையும் என் பையன்களுக்கு உரக்கப் படித்தேன். டொன்லோ பகுதிக்கு வந்தபோது எங்கள் குழுவிலேயே மூத்தவர், திருவண்ணாமலைக்காரர், எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கும் ஏதோ இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. அவராகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை மொட்டை மாடியில் ஒரு புதுப் பழக்கம் தொடங்கினோம். இதுவரை மேலே யார் நிற்பது, யார் இறங்குவது என்று நான்தான் சொல்வேன். இன்று முதல், இறங்குகிறவர் தன் கயிற்றைப் பார்த்துக்கொள்ள மேலே யார் வேண்டும் என்று அவரே சொல்ல வேண்டும். இறங்குமுன் முடிச்சு, கேரபினர் கொக்கி, ஆங்கர் எல்லாவற்றையும் மேலே நிற்பவர் தொட்டுப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், இறங்குகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இரவுப்பணி அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டது. கீழே இருப்பவர் "குறி இல்லை" என்று சொன்னால் வேலை நிற்கும், காரணம் கேட்பது பிறகு.

முதலில் அந்தப் பத்தொன்பது வயதுப் பையனைக் கேட்டேன். என்னைத்தான் சொல்வான் என்று நினைத்தேன். அவன் திருவண்ணாமலைக்காரரைக் காட்டினான். ஏன்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "அண்ணே, நீங்க மேல நிக்கும்போது போன் வந்தா எடுக்குறீங்க."

எடுப்பேன். பில் பாக்கிக்கு, அடுத்த வேலைக்கு, கட்டட மேனேஜருக்கு. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன். மூன்று வருஷமாக யாரும் சொல்லவில்லை. சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை.

நாளையிலிருந்து காலை ஏழு முதல் மதியம் பன்னிரண்டு வரை என் போன் கீழே செக்யூரிட்டி அறையில் இருக்கும். அவசரம் என்றால் அந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லிக் கட்டட மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். பையனிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் அவன் பார்க்கட்டும்.

#14 | கடைசி மேசை | செவ்வாய், இரவு 9.58

அந்த மூத்தவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.